கிட்ட வந்தால் நிற்கும் பொம்மை

அன்புள்ள மகனே,

மணி மூன்றேகால். குன்றத்தூர் வீட்டுக்கு வெள்ளையடிக்கிற ஆளைக் கூட்டிக்கொண்டு நீயும் ஷீலாவும் போயிருக்கிறீர்கள். ஆறு மணிக்குள் திரும்பிவிடுவதாக அம்மாவிடம் சொன்னாயாம். என்னிடம் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. நீ வருவதற்குள் இதை எழுதி முடித்து உன் தலையணை மேல் வைத்துவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். உட்கார்ந்திருக்கிறேன் என்று பேர்தான். இந்த நாலு வரி எழுதுவதற்குள் இரண்டு தடவை எழுந்து கேட் வரை போய்விட்டு வந்தேன். மூன்று ஷிப்டும் மாற்றி மாற்றிப் பார்த்த உடம்பு. ரிடையர் ஆகி மூன்று மாதம் ஆகிவிட்டது, இன்னும் நாற்காலியில் கால் மணி நேரம் உட்கார்ந்தால் யாரோ என்னைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள் என்று மனசு அடித்துக்கொள்கிறது. "காலுல சக்கரம் கட்டிகினு பொறந்தீங்களா?" என்று கேட்டுவிட்டு உங்கம்மா கடைக்குப் போயிருக்கிறாள்.

நேரில் சொல்லலாமே என்று நீ நினைப்பாய். நேரில் என்றால் நாலாவது வார்த்தையில் நிறுத்திவிடுவேன், அது உனக்கே தெரியும். நாளை ஞாயிற்றுக்கிழமை. உன் பெயரையும் ஷீலா பெயரையும் கோயிலில் மூன்றாவது தடவையாகக் கல்யாண ஓலை வாசிக்கப் போகிறார்கள். அதற்கு முன்னால் உனக்குத் தெரிய வேண்டிய ஒரு காரியத்தை நான் செய்து வைத்திருக்கிறேன். அது தெரிந்த பிறகு என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்வதா, கல்யாணத்துக்குப் பிறகு உங்கள் வீட்டு வாசற்படி ஏறவிடுவதா என்று நீ முடிவு செய்துகொள். அதைச் சொல்ல இன்னும் தைரியம் வரவில்லை. முதலில் பொம்மையிலிருந்து ஆரம்பிக்கிறேன், எனக்கு வரிசையாகச் சொன்னால்தான் வரும்.

ரிடையர் ஆன அன்று மாலையும் சால்வையுமாக வீட்டுக்கு வந்தேன். நீ ஓர் அட்டைப் பெட்டியை நீட்டினாய். உள்ளே ஒரு சாண் உயரத்தில் வெள்ளை ரோபோ. இரண்டு சக்கரம், உருண்டைத் தலை, கண்ணுக்குப் பதில் சின்ன விளக்குகள், நெற்றியில் எதிரே இருப்பதை அளக்கிற சென்சார். "கம்பெனில பெரிய ரோபோவுக்குச் சொல்லிக் குடுத்த. வூட்டுல இதுக்குச் சொல்லிக் குடுப்பா. இல்லன்னா அம்மாவுக்குச் சொல்லிக் குடுக்க ஆரம்பிச்சிடுவ" என்றாய். உங்கம்மா சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். எனக்குக் கொஞ்சம் அவமானமாகத்தான் இருந்தது. ஒரகடத்தில் பதினெட்டு வருஷம் ஆளுயர வெல்டிங் ரோபோக்களை மேய்த்தவனுக்குப் பொம்மையா என்று பத்து நாள் அதைத் தொடவில்லை.

பதினோராம் நாள் சும்மா போனில் அந்த ஆப்பைத் திறந்து பார்த்தேன். கலர் கலராகக் கட்டைகள். முன்னால் போ என்று ஒரு கட்டை, திரும்பு என்று ஒன்று, எதிரில் ஏதாவது இருந்தால் என்று ஒன்று. ஒன்றின் கீழ் ஒன்றாக அடுக்கினால் அதுதான் புரோகிராம். அவ்வளவுதான், பைத்தியம் பிடித்துக்கொண்டது. ஹாலில் மஞ்சள் டேப் ஒட்டி அது நிற்க வேண்டிய இடத்தைக் குறித்தேன். டிவியிலிருந்து சமையலறை வாசல் வரை ஒரு பாதை, அதற்கு இரண்டு பக்கமும் கோடு. நோட்டுப் போட்டு ஒவ்வொரு அடிக்கும் நம்பர் எழுதினேன். அம்மாவுக்குக் காபி டம்ளர் எடுத்துக்கொண்டு போக வைக்கலாம் என்று பார்த்து மூன்று டம்ளர் கொட்டியது. "அங்கன்வாடில முப்பது புள்ளைங்கள மேய்ச்சிட்டு வரேன், வூட்டுக்கு வந்தா இங்க ரெண்டு கீது" என்று அவள் தலையில் அடித்துக்கொண்டாள். சத்தியமாகச் சொல்கிறேன், ரிடையர் ஆன பிறகு எனக்குப் பசி எடுத்தது அந்த நாட்களில்தான்.

அதில் நான் செய்த ஒரு வேலையை மட்டும் நீ கவனித்திருக்க மாட்டாய். எந்த வேலை சொல்லிக்கொடுப்பதற்கும் முன்னால், எல்லாவற்றுக்கும் மேலே, ஒரு கட்டை வைத்தேன். ஒரு கை தூரத்துக்குள் யாராவது வந்தால் உடனே நில். கண்ணைச் சிவப்பாக்கு. பீப் அடி. வந்தவர் விலகிப் போய், முதுகிலிருக்கும் பட்டனை நான் அமுக்கினால்தான் மறுபடி நகர வேண்டும். இது எனக்குத் தப்பாகவே தெரியவில்லை. மனுஷன் பக்கத்தில் வந்தால் ரோபோ நிற்க வேண்டும், அதுதான் முதல் பாடம். விளையாட்டுச் சாமான் என்பது கிட்டப் போவதற்காகவே செய்தது என்று எனக்கு உறைக்கவில்லை. ஒரகடத்துக்காரன் மூளை.

இதற்கு நடுவில்தான் நீ ஷீலாவைப் பற்றிச் சொன்னாய். ராத்திரி சாப்பாட்டில், ரசம் ஊற்றும்போது. உன் கம்பெனியில் குவாலிட்டி பார்க்கிற பெண், படப்பையில் வாடகைக்கு இருக்கிறாள், வாலாஜாபாத் ரோட்டில் நடந்த விபத்தில் புருஷன் போய் நாலு வருஷமாகிறது, ஜெனி என்று ஆறு வயசுப் பெண் இருக்கிறாள். ஒரே மூச்சில் சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தாய். நான் "மோட்டார் போட்டுட்டு வரேன்" என்று எழுந்து போய்விட்டேன். தொட்டியில் தண்ணீர் நிறைந்துதான் இருந்தது. மாடியில் நின்று டேங்க் மூடியைத் திறந்து மூடிக்கொண்டிருந்தேன். கோபம் என்று நீ நினைத்தாய். கோபமும் இருந்தது, மறைக்கவில்லை. ஒரே பையன், ஊர் என்ன சொல்லும், நம் ஆட்கள் என்ன கேட்பார்கள் என்ற அற்பக் கணக்கெல்லாம் இருந்தது. அதைவிடப் பெரிதாக ஒரு பயம். இன்னொருத்தன் குழந்தையை என் வீட்டில் எப்படித் தொடுவது, எப்படிக் கண்டிப்பது, அது விழுந்து அடிபட்டால் யாருக்குப் பதில் சொல்வது. இதையெல்லாம் உன்னிடம் வாய்விட்டுக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்கள் இரண்டு பேரையும் வீட்டுக்குக் கூட்டி வந்தாய். ஷீலா உங்கம்மாவோடு சமையலறைக்குப் போய்விட்டாள். நான் பேச்சு கொடுக்காமல் தப்பிக்கத்தான் பொம்மையை ஓட்டிக்கொண்டிருந்தேன். ஜெனி "ஐ, குண்டு!" என்று அதற்குப் பேர் வைத்துக்கொண்டே ஓடி வந்தாள். அது நின்றது. கண் சிவந்தது, பீப் அடித்தது. அவள் பின்வாங்கினாள், நான் பட்டனை அமுக்கினேன், அது நகர்ந்தது. மறுபடி வந்தாள், மறுபடி நின்று முறைத்தது. நாலு தடவை. நாலாவது தடவை அவள் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, "இதுக்கு என்னப் புடிக்கல" என்றாள். அழவில்லை. மணி என்ன என்று கேட்டால் சொல்கிற மாதிரி சொன்னாள். நான் அப்போது என்ன சொன்னேன் என்று உனக்கு நினைவிருக்கும். "கிட்ட வராத பாப்பா. தள்ளி நில்லு, அதான் ரூல்."

ஷீலா வந்து அவள் கையைப் பிடித்துக் கூட்டிப்போனாள். நீ என்னைப் பார்த்த பார்வையை இந்த ஜென்மத்தில் மறக்க மாட்டேன். வேண்டுமென்றே செய்தேன் என்று நினைத்துவிட்டாய். இல்லை, அந்தக் கட்டை அவள் பெயரே தெரியாத காலத்தில் வைத்தது. ஆனால் அவள் அப்படிச் சொன்னபோது நான் குனிந்து, "அப்படி இல்லம்மா, தாத்தா அதுக்குத் தப்பா சொல்லிக் குடுத்துட்டேன்" என்று சொல்லியிருக்கலாம். வாய் வரை வந்தது. சொல்லாமல் விட்டது வேண்டுமென்றேதான். அவள் கொஞ்சம் தள்ளியே இருக்கட்டும் என்று என்னில் ஒரு பாதி நினைத்தது. ஆறு வயசுக் குழந்தையிடம் அறுபதை நெருங்குகிறவன் காட்டிய வீரம் அது. அடுத்த வாரம் நீ குன்றத்தூரில் வீடு பார்த்துவிட்டேன் என்று அம்மாவிடம் சொன்னாய்.

எழுந்து போய் மோட்டார் போட்டுவிட்டு வந்தேன். இந்தத் தடவை நிஜமாகவே தண்ணீர் இல்லை. மணி நாலு.

நான் செய்த காரியம் இதுதான். முதல் ஓலை வாசித்த ஞாயிறு. கோயிலில் உன் பெயர், என் பெயர், அம்மா பெயர். அடுத்து ஷீலா பெயர், அதோடு 'கைம்பெண்' என்ற வார்த்தை. அந்த ஒலிபெருக்கியில் அது கோயில் முழுக்கப் போய் முட்டித் திரும்பி வந்தது. இரண்டு பெஞ்சு முன்னாலிருந்து ஒரு தலை திரும்பி என்னைப் பார்த்தது. "இத்திருமணத்துக்குத் தடை ஏதும் அறிந்தவர்கள் பங்குத்தந்தையிடம் தெரிவிக்கவும்" என்று வாசித்து முடித்தார்கள். பூசை முடிந்து நீ அம்மாவை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனாய். நான் நடந்து வருகிறேன் என்றேனே, நடந்து வரவில்லை. பங்குச் சாமியாரைப் பார்க்கப் போனேன்.

அவர் தெக்கத்தி ஆள், உனக்குத் தெரியும். "வாங்க அண்ணாச்சி" என்று உட்காரச் சொன்னார். தடை இருக்கிறது என்றேன். உடனே நோட்டை எடுத்துக்கொண்டார். "அந்தப் பொண்ணோட மாப்பிள உசுரோட இருக்காரா?" இல்லை சாமி. "உங்க பையனுக்கு வேற எங்கயும் கல்யாணம் ஆயிருக்கா?" இல்லை. "ரத்த உறவு ஏதும் உண்டா? யாரும் கட்டாயப்படுத்துதாங்களா?" இல்லை, இல்லை. பேனாவை மூடி வைத்துவிட்டு, "அப்பம் தடை எது அண்ணாச்சி? நீங்க ஒரு ஆளுதானே இங்க உக்காந்திருக்கீங்க" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்கு எழுந்திருக்கவும் முடியவில்லை. ஒரு மாதம் தள்ளிப்போட முடியுமா என்று கேட்டேன். தள்ளிப்போட்டால் என்ன மாறும் என்று கேட்டார். இதை அவர் யாரிடமும் சொல்ல மாட்டேன் என்றார். உன் கல்யாணத்தை நிறுத்த உன் அப்பன் போய்க் கேட்டான். உன் முதுகுக்குப் பின்னால். இதைத்தான் சொல்ல வேண்டும் என்று மூன்று மணியிலிருந்து சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருக்கிறேன்.

சொல்லிவிட்டேன். இத்தோடு இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், இதைச் சாக்காகச் சொல்லவில்லை. நீ நாலாவது படிக்கும்போது எங்கள் கம்பெனியில் ஏழுமலை என்பவனுக்கு விபத்து நடந்தது, இடது கையில் இரண்டு விரல் போயிற்று. வேறு ஷிப்டில் நடந்தது என்று வீட்டில் சொன்னேன். என் ஷிப்டில்தான் நடந்தது. ரோபோ இருக்கிற இடத்தைச் சுற்றிக் கம்பிக் கூண்டு இருக்கும். உள்ளே போகிறவன் தன் பெயர் போட்ட பூட்டைக் கதவில் மாட்டிவிட்டுத்தான் போக வேண்டும். அவன் பூட்டை அவன்தான் எடுக்க வேண்டும், வேறு யாரும் தொடக்கூடாது. ஏழுமலை ஒரு நிமிஷ வேலைதானே என்று மாட்டாமல் போய்விட்டான். பூட்டு இல்லையே என்று நான் ஸ்டார்ட்டை அமுக்கிவிட்டேன். பூட்டு இல்லாவிட்டாலும் உள்ளே ஒரு தடவை எட்டிப் பார்த்து, குரல் கொடுத்துவிட்டு அமுக்க வேண்டும் என்பதும் விதி. நான் பார்க்கவில்லை. விசாரணையில் அவன் பூட்டு மாட்டாததை மட்டும் எழுதிக்கொண்டார்கள். நான் பார்த்தேனா என்று யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

ஏழுமலை இப்போது சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறான். என்னைப் பார்த்தால் அந்தக் கையாலேயே ஆட்டி, "அண்ணே, ஏறுண்ணே" என்பான். இங்கேதான் பக்கத்தில் ஒரு வேலை என்று பொய் சொல்லிவிட்டு வெயிலில் நடப்பேன். ஒரு தடவை நீயும் கூட இருந்தாய், "ஏம்பா ஆட்டோவ வுட்டுட்டு நடக்கிற?" என்று திட்டினாய். அந்த விபத்திலிருந்துதான் எதையும் யாரையும் கிட்டவிடாமல் நிறுத்துவது எனக்குப் பழக்கமாயிற்று என்று சொன்னால் கதை அழகாக இருக்கும். அதற்கு முன்னாலும் நான் அப்படித்தான் என்று உங்கம்மா சொல்கிறாள்.

இரண்டாவது ஓலைக்கு நான் வரவில்லை, வயிறு சரியில்லை என்று படுத்துவிட்டேன். வயிறு நன்றாகத்தான் இருந்தது. அதற்குப் பிறகு வந்த வியாழக்கிழமை மழைக்குப் பள்ளிக்கூடம் லீவு விட்டார்கள். ஷீலாவுக்கு ஃபர்ஸ்ட் ஷிப்ட், ஜெனியை வழக்கமாகப் பார்த்துக்கொள்கிற பக்கத்து வீட்டு அக்கா ஊரில் இல்லை. உங்கம்மா என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் படப்பைக்குப் போய்க் குழந்தையை ஆட்டோவில் கூட்டி வந்து ஹாலில் விட்டாள். விட்டுவிட்டுக் குடையை எடுத்தாள். "எனக்கு டூட்டி கீது. புள்ளைய பாத்துக்கங்க, ரெண்டு மணிக்கு வந்துடுவேன்." நான் பின்னாலேயே கேட் வரை ஓடினேன். "இன்னாத்துக்கு ஓடியாறீங்க? அது இன்னா, உங்கள கடிச்சிடுமா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாள். இதை நீ இதுவரை தெரிந்துகொண்டிருக்க மாட்டாய், உன்னிடம் சொல்ல வேண்டாம் என்று இரண்டு பெண்களும் பேசி வைத்துக்கொண்டார்களாம்.

உள்ளே வந்தேன். குழந்தை மஞ்சள் கோட்டுக்கு அந்தப் பக்கம் சப்பணம் போட்டு உட்கார்ந்திருந்தது. பொம்மை அலமாரி மேல் இருந்தது. நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். அவள் கலர் பென்சில் எடுத்து எதையோ வரைந்தாள். கொஞ்ச நேரம் கழித்து, "தாத்தா, தண்ணி வேணும். உன்னத் தாண்டிதான் போவணும். வரட்டா?" என்று கேட்டாள். எனக்குப் புரியவில்லை. "போயேம்மா, எதுக்குக் கேக்கற?" என்றேன். "தள்ளி நிக்கணும்ல. நீதான ரூல் சொன்ன."

தம்பி, அவள் அந்த ரூலைப் பொம்மைக்கு என்று எடுத்துக்கொள்ளவில்லை. எனக்கு என்று எடுத்துக்கொண்டிருக்கிறாள். ஒரு கை தூரத்தைக் கண்ணாலேயே அளந்து, சுவரை ஒட்டி நடந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு அதே வழியில் திரும்பி வந்தாள். அழுதேன் என்றே எழுதிவிடுகிறேன். அவள் பார்க்கவில்லை, பென்சில் சீவிக்கொண்டிருந்தாள்.

பொம்மையை இறக்கிக் கீழே வைத்தேன், போனைத் திறந்தேன். நானும் தரையில் உட்கார்ந்தேன், முட்டி சொன்ன பேச்சு கேட்கவில்லை. எல்லாவற்றுக்கும் மேலே இருந்த அந்தக் கட்டையை விரலால் பிடித்து இழுத்தேன். வெளியே போடுவதற்குள் விரல் நின்றுவிட்டது. நிஜமாகவே நின்றுவிட்டது, ஒரு பொம்மைக்கு. "இன்னா பண்ற?" என்று அங்கிருந்தே கேட்டாள். "இதுக்கு நான் ஒண்ணு தப்பா சொல்லிக் குடுத்துட்டேன். அத எடுக்கறேன்." "அது தப்பு பண்ணல, நீதான் தப்பு பண்ணியா?" ஆமாம் என்றேன். "அப்ப சாரி சொல்லு." யாரிடம் என்று கேட்டேன். "குண்டுகிட்டதான்." பிளாஸ்டிக் பொம்மையிடம் சாரி சொன்னேன். பிறகு அவள் பக்கம் திரும்பி, "உன்கிட்டயும் சாரி பாப்பா. அதுக்கு உன்னப் புடிக்கும். எனக்குத்தான் சொல்லத் தெரியல" என்றேன். "சரி" என்று சொல்லிவிட்டுக் கோட்டைத் தாண்டி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து போனைப் பிடுங்கிக்கொண்டாள். ஒரு 'சரி'தான். நான் என்னவோ பெரிதாக எதிர்பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறேன்.

அந்தக் கட்டையை அவள்தான் வெளியே தள்ளினாள். யாராவது கிட்டே வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டேன். "அவங்ககிட்ட போவணும். போயி மோதணும். மோதிட்டு சுத்தணும்." எத்தனை சுற்று? "பத்து." மூன்று வைத்துக்கொள்ளலாம் என்றேன், தலைசுற்றி வாந்தி வரும் என்று காரணம் சொன்னேன். "அதுக்கு வயிறே இல்ல, எப்பிடி வாந்தி வரும்?" என்று பத்து வைத்தாள். வேகத்தை மட்டும் குறைத்து வைக்கக் கெஞ்சி வாங்கினேன். விட்டதும் அது நேராக என் காலைப் பார்த்து வந்தது. நான் பதறி எழுந்து நாற்காலியில் ஏறி இரண்டு காலையும் மேலே தூக்கிக்கொண்டேன். அவள் சிரித்த சிரிப்பு இருக்கிறதே! "தாத்தா பயந்துட்ச்சு, தாத்தா பயந்துட்ச்சு!" பிறகு அது போய் டிவி ஸ்டாண்டில் மோதிப் பத்து சுற்று சுற்றியது. கதவில் மோதிப் பத்து சுற்று. சுவரில் மோதி விடாமல் சுற்றியது. மனுஷனுக்கும் சுவருக்கும் அதற்கு வித்தியாசம் தெரியவில்லை. அதைச் சரிசெய்ய எனக்கு வழி தெரியும், இரண்டே கட்டை. கை அரித்தது.

நான் தொடவில்லை. நீ எட்டாவதில் அறிவியல் கண்காட்சிக்குக் தரையில் போட்ட கறுப்புக் கோட்டைப் பார்த்து ஓடுகிற வண்டி செய்தாயே, நினைவிருக்கிறதா? அது வாலை ஆட்டி ஆட்டிப் போகும். நீயும் உன் கூட்டாளிகளும் விழுந்து விழுந்து சிரிப்பீர்கள். நீ டியூஷன் போன நேரத்தில் நான் அதைப் பிரித்து, வயரெல்லாம் மாற்றி, நூல் பிடித்த மாதிரி ஓட வைத்தேன். இரண்டாவது பரிசு வந்தது. "அது என் வண்டி இல்லப்பா, உன்னுது" என்று சொல்லிப் பரிசை என் கையில் கொடுத்தாய். பையன் எவ்வளவு மரியாதையாகச் சொன்னான் என்று கேன்டீனில் எல்லாரிடமும் சொல்லிப் பெருமைப்பட்டேன். எப்பேர்ப்பட்ட மடையன். அதற்குப் பிறகு நீ எதையும் வீட்டில் வைத்துச் செய்யவில்லை. நீ கேட்காவிட்டாலும் ஒரு வார்த்தை சொல்கிறேன். ஜெனி தப்பாகச் செய்கிறதைக் கொஞ்ச நாள் தப்பாகவே இருக்க விடு. அப்பா என்று கூப்பிடச் சொல்லி அவளை அவசரப்படுத்தாதே. அவள் அப்பன் போட்டோவைப் புது வீட்டில் ஹாலில் மாட்டு, உள்ளறையில் வேண்டாம். ஷீலாவிடம் கேட்டு நீயே ஆணி அடி. ஒரு தடவை தள்ளி நில் என்று சொல்லிவிட்டால் குழந்தைகள் எவ்வளவு கச்சிதமாகத் தள்ளி நிற்பார்கள் என்று நான் பார்த்துவிட்டேன். உன்னையும் அப்படித்தான் நிற்கவைத்திருக்கிறேன் என்று அந்தப் பகல் முழுக்க அடித்துக்கொண்டது மனசு. நீ எவ்வளவு தடவை வந்து பார்த்திருப்பாய், நான் எவ்வளவு தடவை மோட்டார் போடப் போயிருப்பேன்.

மணி ஐந்தரை ஆகிவிட்டது. உங்கம்மா வந்துவிட்டாள், யாருக்கு எழுதுகிறீர்கள் என்று கேட்டாள், உனக்கு என்றேன். டீயை வைத்துவிட்டுப் போய்விட்டாள். அவளுக்கும் சாமியார் விஷயம் தெரியாது. நீ படித்த பிறகு சொல்கிறேன். அவள் என்ன செய்வாள் என்பது வேறு கதை.

கல்யாணத்தை நிறுத்தப் போனவன் நான். இப்போது உன் கல்யாணத்தில் எனக்கு ஆசை வந்துவிட்டது என்று சொன்னால் நீ நம்ப வேண்டிய அவசியமில்லை. குன்றத்தூருக்குப் போக வேண்டாம் என்று கேட்க மாட்டேன். போங்கள், உங்கள் வீடு உங்களுக்கு வேண்டும். ஷீலாவிடம் நானே போய்ப் பேசுகிறேன், நீ நடுவில் நிற்க வேண்டாம். மன்னித்துவிடு என்று எழுதினால் உன்மேல் பாரத்தை ஏற்றுகிற மாதிரி இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன். மன்னித்துவிடு.

ஒன்றுக்கு மட்டும் எனக்குப் பதில் வேண்டும், அதுவும் நாளைக்குள். வியாழக்கிழமை சாயங்காலம் ஷீலா வந்து அழைத்துக்கொண்டு போகும்போது, ஜெனி செருப்பு மாட்டிக்கொண்டே, "தாத்தா, புது வூட்டுக்கு நீ வருவியா?" என்று கேட்டாள். கூப்பிட்டால் வருவேன் என்றேன். "யாரு கூப்டணும்? நான் கூப்டா வரமாட்டியா?" என்றாள். நான் செய்துவிட்டு வந்திருக்கிற காரியம் நெஞ்சில் கிடந்தது. உன்னைக் கேட்காமல் அவளுக்கு வாக்குக் கொடுக்க எனக்கு உரிமை இல்லை என்று வாயை மூடிக்கொண்டு நின்றேன். "ஞாயித்துக்கெழம கோயில்ல சொல்லு" என்று சொல்லிவிட்டுப் போனாள். நாளை பூசை முடிந்ததும் வந்து கேட்பாள், மறக்கிற குழந்தை இல்லை அவள். வரச் சொன்னால் வருவேன். வேண்டாம் என்றால், அதை நானே அவளிடம் சொல்லிக்கொள்கிறேன், நீ சொன்னதாகச் சொல்ல மாட்டேன்.

இப்படிக்கு,
உன் அப்பா